திருப்பி உதைக்கச் சொல்லாத பெனால்டி

1

போன கிழமை லண்டன் எட்மண்டனில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பாதி முற்றல், பாதி வாடல், விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்று. பக்கத்தில் மீன் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குனிந்தார். திரும்பவும் பார்த்தார்.

"தங்கச்சி, மகனுக்காகப் பெனால்டியை விழுங்கின ரெஃபரி நீங்கள்தானே?"

முன்பின் தெரியாத மனிதர். எங்கள் ஆட்கள் அறிமுகமில்லாதவரிடம் முதலில் கேட்பது "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று. அதைக்கூட அவர் கேட்கவில்லை.

"விழுங்கேல்லை அண்ணை. சட்டப்படிதான் செய்தனான்."

"கோலி கோட்டுக்கு வெளியிலை வந்தவனோ இல்லையோ?"

"வந்தவன்."

"பிறகென்ன?"

பிறகென்ன என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதை மீன் பெட்டிக்கு முன்னால் நின்று சொல்லி முடிக்க முடியாது. முருங்கைக்காயை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால், யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை அனுப்பி, "அக்கா, இது நீங்களோ?" என்று கேட்டிருந்தாள். விஷயம் கடல் கடந்துவிட்டது. ஆகவே ஊரில் உள்ளவர்களுக்காக முழுவதையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பெனால்டி உதைத்த பிள்ளையிடம் அனுமதியும் கேட்டேன். "ஓகே அன்ரி, ஆனால் என்னை உயரமாக எழுதவேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னான். ஆகவே இந்தக் கதையில் அவன் நல்ல உயரம்.

2

நான் உதைபந்தாட்ட மத்தியஸ்தர் ஆனது ஆசைப்பட்டு அல்ல. மகன் ஜெரோம் சின்னவனாக இருந்தபோது அவனுடைய கழகத்துக்கு மத்தியஸ்தம் செய்ய ஆள் கிடைக்கவில்லை. பெற்றோரில் ஒருவர் பயிற்சிக்குப் போகாவிட்டால் ஆட்டங்களை நிறுத்த வேண்டிவரும் என்றார்கள். தகப்பன்மார் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். என் கணவருக்கு ஹவுன்ஸ்லோ பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை, வார இறுதியில்தான் ஷிப்ட். நான் கையை உயர்த்தினேன். ஏதோ இங்கிலீஷ் வகுப்பு என்று நினைத்து உயர்த்தினவள் என்று அவர் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்.

கிழமை நாட்களில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் இருந்து, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் எடுப்பது என் வேலை. சனிக்கிழமை காலையில் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, விசில். ஈரப் புல்லில் நான் நடந்து போனால், இரண்டு அணிப் பயிற்சியாளர்களும் என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். ரெஃபரி இன்னும் வரவில்லையா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கண்ணாடி போட்ட, கட்டையான தமிழ்ப் பெண் ஒருத்தி பதினாறு வயது வெள்ளைப் பொடியனுக்கு மஞ்சள் அட்டை காட்டுவது இந்த நாட்டில் இன்னும் பலருக்குப் பழகவில்லை. அது அவர்களுடைய பிரச்சினை.

என்னுடைய பிரச்சினை சட்டப் புத்தகம். ஊரில் நாங்கள் தண்ட உதை என்று படித்த பெனால்டியையே எடுங்கள். பந்து உதைபடும்போது கோலியின், அதாவது கோல் காக்கிறவனின், ஒரு காலாவது கோல் கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு காலும் முன்னுக்கு வந்து, பந்தையும் தடுத்துவிட்டால், திருப்பி உதைக்க வேண்டும். இதில் ஒருவருக்கும் சண்டை இல்லை. ஆனால் கோலி முன்னுக்கு வந்தான், உதைத்தவன் தானாகவே வெளியே அடித்துவிட்டான் அல்லது கம்பத்தில் அடித்துவிட்டான் என்றால்? முன்பு, கோல் விழாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி எடுக்கலாம். சில வருடங்களுக்கு முன் அதை மாற்றிவிட்டார்கள். கோலியின் அசைவு உதைத்தவனைத் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே திருப்பி எடுக்கலாம். இல்லாவிட்டால் உதை போனது போனதுதான்.

தெளிவாக. பாதித்திருந்தால். இந்த இரண்டு சொல்லையும் எழுதியவரை ஒருநாள் மழையில், வாய் ஓயாத தகப்பன்மாருக்கு நடுவில் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் எல்லாமே இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இங்கே வந்து அகதி அந்தஸ்துக் கேட்ட காலத்தில், மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி, யுத்தம் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று கேட்டார். "எல்லாரையும் போலத்தான்" என்று சொன்னேன். எங்கள் ஊரில் அடக்கமான மனுசி அப்படித்தான் சொல்வாள். எல்லாரையும் போல என்றால் தனிப்பட்ட பாதிப்பு இல்லையாம். முதல் விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டார்கள். வழக்கறிஞர் பிறகு என்னை இருத்தி வைத்து, எனக்கு நடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

3

கோடைகாலத்தில் லண்டனில் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து, பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுப்போட்டி வைப்பார்கள். தகப்பன் ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ அந்தப் பெயரில் மகன் விளையாட வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தின் கேற்றைக்கூடக் கண்டிராத பிள்ளைகள், அதன் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத பிள்ளைகள், நெஞ்சில் அதன் சின்னத்தைக் குத்திக்கொண்டு நிற்பார்கள். இறுதியாட்டத்துக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடத்துக் கீதமும் பாட வேண்டும். பெரியவர்கள் கண் கலங்கப் பாடுவார்கள். பிள்ளைகள் சுவிங்கம் சப்புவார்கள்.

இந்த முறை இறுதியாட்டத்துக்கு வரவேண்டிய மத்தியஸ்தர் வரவில்லை. ரயிலை ரத்துச் செய்துவிட்டார்கள். செயலாளர் தேவன் அண்ணை என்னிடம் ஓடி வந்தார். பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார், எந்தக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்கிற மனிதர். அவருடைய மகன் ஆரன் ஓர் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். எதிரணியின் கோலி என் மகன் ஜெரோம். ஆரனும் ஜெரோமும் லண்டனில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு.

"என்ரை மகன் விளையாடுறான் அண்ணை. நான் விசில் ஊதினால் சரியாய் இருக்காது," என்றேன்.

"சும்மா இருங்கோ தங்கச்சி. உங்களை நம்பாமல் நாங்கள் ஆரை நம்புறது?"

இந்த வசனத்தை நான் மறக்கவில்லை. தேவன் அண்ணை மறந்துவிட்டார்.

ஜெரோமின் அணி ஒரு கோல் அடித்து முன்னுக்கு நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் அதே அணிப் பின்வரிசைப் பொடியனின் கையில் பந்து பட்டது. பெனால்டிப் பெட்டிக்கு உள்ளே, கையை அகல விரித்தபடி நின்றவன். நான் விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தேன். என் மகனுடைய அணிக்கு எதிராக, கடைசி நேரத்தில், அந்தப் பெனால்டியைக் கொடுத்தவளே நான்தான். இன்றுவரை ஒரு பிராணி அதைப் பற்றிப் பேசியதில்லை.

சாதாரணமாகக் கோலியின் காலைப் பார்ப்பது உதவி மத்தியஸ்தரின் வேலை. எனக்குக் கிடைத்த உதவியாளர்கள் சங்கத்தைச் சேர்ந்த இரண்டு அண்ணைமார். ஒருவர் போனில், மற்றவர் கொத்துரொட்டி வரிசையில். ஆகவே உதைப்பவனையும் கோலியையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. ஆரன் ஓடி வந்தான். ஜெரோம் பொறுக்கமாட்டாமல் முன்னே பாய்ந்துவிட்டான். இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே. ஆரன் தலையைக் குனிந்தபடி வந்து, குனிந்தபடியே உதைத்தான். பந்து கம்பத்தின் வெளிப்புறத்தில் பட்டு வெளியே போனது.

அவன் கோலியைப் பார்க்கவில்லை. நிமிரவே இல்லை. அதை நான் கண்டேன். கோல் உதைக்குக் கை காட்டினேன், கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை முடித்து வைத்தேன். அதோடு என்னுடைய நிம்மதியும் முடிந்தது.

4

மைதானத்துக்குள் முதலில் ஓடி வந்தவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர், அல்லது மூத்தவர்கள். "எடு திருப்பி! கோலி அசைஞ்சவன்! எடு திருப்பி!" பிள்ளைகள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சத்தம் எனக்குப் பழசு. எங்கள் ஊரில் மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் மைதானம். பெண் பிள்ளைகள் மைதானத்துப் பக்கம் போகக் கூடாது. நாங்கள் கன்னியர் மடத்து மதிலுக்குப் பின்னால் கல்லை அடுக்கி ஏறி நின்று பார்ப்போம். அங்கே பெனால்டி என்றால் கோல் விழும்வரை உதைப்பது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கோலி மூச்சு விட்டாலும் அசைந்தான் என்று திருப்பி எடுப்பார்கள். ஒருமுறை பக்கத்து ஊரோடு நடந்த ஆட்டத்தில் மத்தியஸ்தர் திருப்பி எடுக்க விடாமல் பிடிவாதம் பிடித்து, பிறகு உயிர் தப்பக் கோயிலுக்குள் ஓடி, பூசை உடுப்பு வைக்கிற அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டார். கடைசியில் சுவாமியார் தலையிட்டுச் சமாதானம் செய்தார். கோப்பை இரண்டு ஊருக்கும் பொது, அரை வருடம் அங்கே, அரை வருடம் இங்கே. முதல் அரை வருடம் பக்கத்து ஊருக்கு. அடுத்த அரை வருடம் வரவே இல்லை.

ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம் என்று மேடையில் அழுகிற அண்ணைமார், இந்தப் பெனால்டிச் சட்டத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் விமானம் ஏறிய வருடத்தோடு சட்டமும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு யார் எதை மாற்றினாலும் அது அவர்களுக்கு எதிராகச் செய்த சதி. நான் என் போனில் புதுச் சட்டத்தைத் திறந்து நீட்டினால், கண்ணாடி கொண்டு வரவில்லை என்கிறார்கள்.

5

வீட்டுக்கு வந்ததும் ஜெரோமுக்கு விளக்கினேன். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலைக் கோலியாகவும் மிளகுப் போத்தலை ஆரனாகவும் வைத்து, எது பாதிப்பு, எது பாதிப்பு இல்லை என்று காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். சட்டம் தனக்குத் தெரியும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்விட்டான். பதக்கம் கார் இருக்கையில் கிடந்தது.

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஏற்கெனவே பெரிய பேச்சு இல்லை. அவன் இங்கிலீஷில் கேட்பான், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் முக்கால்வாசி விளங்கும். சாமத்தியவீடு, கலியாணவீடு, பூசை, தமிழ் வகுப்பு எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டான். பந்தைப் பற்றி மட்டும் இருவரும் ஒழுங்காகப் பேசுவோம். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது, எந்த முடிவு சரி, எது பிழை என்று வீடு வரும்வரை வாக்குவாதம் நடக்கும். இப்போது அதுவும் நின்றுவிட்டது. ஓம், இல்லை, பசிக்கேல்லை. இந்த மூன்று சொல்லில் கிழமைகள் போயின.

அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்கு விளங்கியது என்றே நினைத்தேன். அம்மா எனக்காகப் பார்த்துவிட்டா. அந்தக் கோப்பை நான் வென்றது இல்லை, அம்மா தந்தது. பதினாறு வயதுப் பொடியனுக்கு இதைவிட வெட்கம் வேறு வேண்டாம். ஊர் முழுக்க என்னைக் கள்ளி என்று சொன்னால் நான் பொறுப்பேன். என் பிள்ளை என்னை அப்படி நினைத்துக்கொண்டு என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவது எனக்குத் தாங்க முடியவில்லை. கணவரிடம் சொன்னால், "பொடியன் வளருறான், விடு" என்கிறார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதே மருந்துதான்.

இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ. சோக இசை போட்டு, மெதுவாக ஓட விட்டு, என் மகனுடைய சப்பாத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் கீறி யாரோ புண்ணியவான் அனுப்பியிருந்தார். பிறகு போன் அழைப்புகள். ஒருவர் எளிய வழி சொன்னார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை பார்க்கிலை வந்து அந்தப் பெனால்டியை மட்டும் திருப்பி எடுப்பம். விஷயம் முடிஞ்சுது."

"முடிஞ்ச மட்ச்சைத் திருப்பி விளையாட ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? எல்லாரும் லண்டனுக்குள்ளைதானே இருக்கிறம்?"

போனைக் கீழே வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன்.

6

கடைசியில் போட்டிக் குழு கூட்டம் போட்டது. தேவன் அண்ணை எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார்: கோலியின் அசைவு தன் மகனை மனரீதியாகப் பாதித்தது, ஆகவே பெனால்டியைத் திருப்பி எடுக்க வேண்டும், அல்லது இரண்டு அணியையும் இணைச் சம்பியன்களாக அறிவிக்க வேண்டும். அரை வருடக் கோப்பைக் கதை லண்டன் வரை என்னைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நான் புறப்பட்டபோது ஜெரோமும் வந்து காரில் ஏறினான். ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். அம்மாவை ஊர் விசாரிப்பதைப் பார்க்க வருகிறான் போல என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு ஓட்டினேன்.

வாடகைக்கு எடுத்த மண்டபம். நடைபாதையில் ஒரு மேசையில் தேநீரும் ரோல்ஸும். அங்கே ஆரன் ஒரு கதிரையில் தனியாக இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தகப்பன் அவனைச் சாட்சியாகக் கூட்டி வந்துவிட்டு, பெரியவர்கள் பேசுகிற இடம் என்று வெளியில் இருத்திவிட்டார். ஜெரோம் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். நான் உள்ளே போனேன்.

உள்ளே பெரிய ரீவியில் அந்த வீடியோ. தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோவை நிறுத்தி, பேனையால் திரையைத் தட்டினார்.

"கால் எங்கை நிக்குது, சொல்லுங்கோ பாப்பம்."

"வெளியிலை நிக்குது, மாஸ்டர். நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. அண்டைக்கும் சொன்னனான், இண்டைக்கும் சொல்லுறன்."

"அப்ப ஏன் திருப்பி எடுக்கேல்லை?"

திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன். பழைய சட்டம், புதிய சட்டம், கம்பம், பாதிப்பு. தமிழில் மொழிபெயர்த்து, மெதுவாக, வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னேன். அது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. பாதிப்பு என்ற சொல்லை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

"பாதிச்சதுதானே!" என்றார் தேவன் அண்ணை. "பொடியன் வீட்டிலை வந்து சொன்னவன், கோலி முன்னுக்கு வந்ததைக் கண்டு குழம்பிப் போனன் எண்டு. அண்டைக்கு அவன் சாப்பிடேல்லை. நித்திரை கொள்ளேல்லை."

"அது உதைச்ச பிறகு வந்த கவலை அண்ணை. உதைக்கேக்கை பாதிச்சதோ எண்டதுதான் கேள்வி."

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். பொடியன் ஓடி வரும்போது வேகம் குறைந்ததா, தோள் திரும்பியதா, பதினாறு வயது மனம் எப்படி வேலை செய்யும், கோலியின் நிழல் பந்தில் விழுந்ததா. ஒருவர் மனோதத்துவம் பேசினார். இன்னொருவர் தன் மகளின் பரீட்சைப் பயத்தை உதாரணம் காட்டினார். என் பொறுமை முழுவதும் போய்விட்டது.

"உதைச்ச பிள்ளையைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவன் வெளியிலை இருந்து ரோல்ஸ் சாப்பிடுறான். பாதிச்சதோ இல்லையோ எண்டு அவனுக்குத்தானே தெரியும். இவ்வளவு நேரமும் அவன்ரை மனதுக்குள்ளை என்ன நடந்தது எண்டு நீங்கள் எல்லாரும் சொல்லுறீங்கள். கூப்பிட்டுக் கேளுங்கோவன்."

"சின்னப் பிள்ளையளை ஏன் இதுக்குள்ளை இழுப்பான்?" என்றார் மாஸ்டர்.

"உதைக்கேக்கை அவன் சின்னப்பிள்ளை இல்லைத்தானே?"

உண்மையைச் சொன்னால், அவர்களுக்காக மட்டும் நான் அதைக் கேட்கவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கே ஒரு சந்தேகம் புகுந்திருந்தது. அவன் நிமிரவில்லை என்று கண்டேனா, கண்டதாக நினைத்துக்கொண்டேனா? அந்தப் பதில் எனக்கும் வேண்டும். என் மகனும் அதைக் கேட்க வேண்டும்.

தேவன் அண்ணை தானே எழும்பிப் போய்க் கூட்டி வந்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆரன் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி வந்து நின்றான். ஜெரோம் கதவடியில் நின்றான். நான் இங்கிலீஷில், நிதானமாகக் கேட்டேன். ஓடி வரும்போது கோலி அசைந்ததைப் பார்த்தாயா?

அவன் தகப்பனைப் பார்க்கவில்லை. ஜெரோமைப் பார்த்தான். ஜெரோம் மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நான் அதைக் கண்டேன். என் நெஞ்சு எரிந்தது. பெற்ற தாயைக் காப்பாற்றுகிற சாட்சியைச் சொல்லாதே என்கிறானே என்று.

"வடிவா யோசிச்சுச் சொல்லு ராசா," என்றேன்.

"நோ, அன்ரி," என்றான் ஆரன்.

கோலியைத் தான் பார்க்கவே இல்லை என்றான். பந்தைத்தான் பார்த்தானாம். பயமாக இருந்ததாம். எப்படியாவது உதைத்து முடித்தால் போதும் என்று இருந்ததாம். அங்கே கோலியே இல்லாவிட்டாலும் தான் வெளியேதான் அடித்திருப்பான் என்று சொல்லிவிட்டு, நிலத்தைப் பார்த்தான்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வீட்டிலை வேறை மாதிரியெல்லோ சொன்னனி?" என்றார் தேவன் அண்ணை. குரல் உயரவில்லை.

"பாக்கேல்லை, அப்பா," என்றான் பிள்ளை. அதைத் தமிழில் சொன்னான்.

தேவன் அண்ணை தன்னுடைய முறைப்பாட்டுக் கடிதத்தை மடித்தார். அவ்வளவு காலமும் அந்த மனிதர் சண்டை பிடித்தது கோப்பைக்காக அல்ல, மகன் வீட்டில் வந்து சொன்ன ஒரு சொல்லுக்காக. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மத்தியஸ்தரின் முடிவே இறுதியானது என்று மாஸ்டர் அறிவித்தார். அதைத்தான் நான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் தேநீருக்கு எழும்பினார்கள். ஒருவர் என்னிடம் வந்து, வழக்கறிஞர் தோற்றுப்போவார் தங்கச்சி என்று பாராட்டினார். நான் வென்றுவிட்டேன். என் தேநீரை அப்படியே மேசையில் வைத்தேன்.

7

வெளியே வந்தபோது தேவன் அண்ணையின் கார் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆரன் மண்டப வாசலில் நின்றான். "அம்மா, ஹீ இஸ் கமிங் வித் அஸ்" என்றான் ஜெரோம், என் சம்மதத்தை எதிர்பார்க்காமல். இரண்டு பேரும் பின் இருக்கையில் ஏறினார்கள்.

பாதி வழியில் கார் போன் அடித்தது. தேவன் அண்ணை. குரல் கார் முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி, பொடியன் உங்களோடையோ?"

"ஓம் அண்ணை. கொண்டுவந்து விடுறன்."

அவர் செருமினார்.

"நான் விசரன் மாதிரி விட்டிட்டு வந்திட்டன். தாய் இடியப்பம் அவிச்சு வச்சிருக்கிறா எண்டு சொல்லுங்கோ."

கண்ணாடியில் பார்த்தேன். ஆரன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சொல்லுறன் அண்ணை என்றேன்.

அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கினேன். "ஐயாம் சொறி, ஆரன்" என்றேன். "இற்ஸ் ஓகே, அன்ரி" என்றான். ஓகே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. ஜெரோம் முன் இருக்கைக்கு வந்தான். எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். பிறகு அவனாகவே பேசினான்.

"அம்மா, ஹீ ரோல்ட் மீ. சேம் டே."

ஆட்டம் நடந்த அன்றைக்கே ஆரன் அவனுக்குச் சொல்லிவிட்டானாம். தகப்பனுக்கு ஏதோ சொல்லித் தப்பிவிட்டேன், நீ ஒருவருக்கும் சொல்லாதே என்று. ஜெரோமும் சொல்லவில்லை. இத்தனை கிழமையும் என் பிள்ளை என்னைக் கள்ளி என்று நினைக்கவே இல்லை. நான் சரி என்பது என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. கூட்டத்துக்கு அவன் வந்தது என்னைப் பார்க்க அல்ல, நண்பனுக்குப் பக்கத்தில் இருக்க.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! ஊரெல்லாம் என்னை என்ன பாடு படுத்தினவை எண்டு உனக்குத் தெரியும். நீ கதைக்காமல் இருந்தது எனக்கு எப்பிடி இருந்தது எண்டு தெரியுமே? நான் உன்ரை அம்மாவல்லோ?"

அவன் தமிழில் சொல்லப் பார்த்தான். சொற்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"உங்களுக்குச் சொன்னா, நீங்கள் எல்லாருக்கும் சொல்லுவீங்கள் அம்மா. நீங்கள் சரி எண்டு காட்டுறதுக்கு."

காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டேன். இல்லை, சொல்லியிருக்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சொல்ல வரவில்லை.